குதிகால் வலி: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது – முழுமையான வழிகாட்டி

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கு அடியில் சுரீரென்று வலி. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் அதே வலி. மருத்துவர்கள் பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ் என்று சீட்டில் எழுதித் தருவது பெரும்பாலும் இதைத்தான். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, எலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில் தாங்க முடியாத சுமையால் நொந்து போயிருக்கிறது.

வைத்தியம் கடினமில்லை. வரிசைதான் தவறிப் போகிறது. மாத்திரையில் தொடங்கி, பலன் தெரியாமல் எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று கேட்டுப் பயந்து, ஊசி போட்டுக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு செருப்பை மாற்றுகிறவர்களே அதிகம். கீழே இருப்பது ஏறக்குறைய அதற்கு நேர் எதிரான வரிசை.

இது வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும் வேலை. பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடும். ஒழுங்காகச் செய்தால் மூன்று மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். பத்து நாளில் போய்விடும் என்று நினைத்துத் தொடங்கினால் பதினோராம் நாள் விட்டுவிடுவீர்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தேங்காய்ப்பூ துண்டு. முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் படுக்க வைத்த அரை லிட்டர் பாட்டில் (முழுவதும் நிரப்பினால் உறையும்போது வெடிக்கும்). வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு ஒரு ஜோடி செருப்பு. கைப்பிடி உள்ள படிக்கட்டு. தினசரி காலண்டரும் ஒரு பேனாவும்.

கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தினமும் முதல் அடியின் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு அன்றைய தாளில் எழுதி, தாளைக் கிழிக்காமல் வையுங்கள். இந்த வலி ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். எண் இல்லையென்றால் நேற்றைய வலியை மட்டும் வைத்து ‘ஒன்றும் குறையவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

1. வீட்டில் பார்க்கக் கூடாத வலிகளை ஒதுக்குங்கள்

பயிற்சியெல்லாம் இதற்குப் பிறகுதான். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

விழுந்தோ குதித்தோ அடிபட்ட பிறகு நாலு அடி கூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். உயரத்திலிருந்து குதித்து குதிகாலில் இறங்கியிருந்தால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஓடும்போதோ படியேறும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்து, ‘டப்’ என்று சத்தமும் கேட்டிருந்தால், கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க, வேறொருவரைக் கெண்டைச் சதையை அமுக்கச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. இதில் அன்றைக்கே மருத்துவமனை போவதுதான் சரி. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது அக்கிலிஸ் நாண் வலித்தால் அதையும் உடனே சொல்லுங்கள். அந்த மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும்.

காய்ச்சலோடு சிவந்து சூடாக இருக்கும் கால், படுத்திருக்கும்போதும் தூங்கவிடாத வலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, உள்ளங்காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் – இவை எதுவும் நார்ப்பட்டையின் வேலை இல்லை. கெண்டைக்கால் வீக்கம் ரத்தக் கட்டியாக இருக்கலாம் என்பதால் அதைத் தேய்த்துவிடவே கூடாது.

இன்னொன்று எளிதில் தப்பிவிடும். நாற்பது வயதுக்குக் கீழ், இரண்டு குதிகாலிலும் வலி, காலையில் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து நடமாடிய பிறகு தளர்கிறது என்றால், முதுகெலும்பைப் பாதிக்கும் வாத நோய் ஒன்று குதிகாலில் தலைகாட்டுவதாக இருக்கலாம். அதற்கு வாத நோய் மருத்துவர்தான்.

2. சர்க்கரை உள்ளவர்கள் இங்கே நின்று படியுங்கள்

பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்து, கால் மதமதப்பாக இருக்கிறது, செருப்பு கழன்றது கூடத் தெரியவில்லை என்றால், வலி என்ற எச்சரிக்கை மணி உங்களுக்குச் சரியாக அடிக்காது. சூட்டு ஒத்தடம், ஐஸ், பிளாஸ்திரி மூன்றும் உங்களுக்கு இல்லை. மூன்றும் தோலைப் புண்ணாக்கும். புண்ணானது தெரியவும் செய்யாது.

ஒரு பாதம் மட்டும் வீங்கி, மற்றதைவிடச் சூடாக, சிவந்து இருக்கிறது, ஆனால் வலி பெரிதாக இல்லை என்றால் காலை ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். வலி இல்லை என்று நடந்துகொண்டே இருப்பதால்தான் பாதம் உருக்குலைகிறது.

உணர்ச்சி நன்றாக இருக்கும் சர்க்கரைக்காரர்கள் மற்றவர்களைப் போலவே பயிற்சிகளைச் செய்யலாம். இரவில் இரண்டு உள்ளங்காலையும் கண்ணாடி வைத்தோ, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லியோ சோதிப்பது மட்டும் கூடுதல் வேலை.

3. கட்டைவிரலால் வலியின் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

குதிகால் வலி எல்லாம் ஒன்றல்ல. இடம் மாறினால் வைத்தியமும் மாறும். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடை மேல் போட்டு, கைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். கை நகம் வெளுக்கும் அளவு அழுத்தம் வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் எதுவும் தெரியாது.

குதிகாலின் அடியில், சற்று முன்பக்கமாக, மற்றக் காலை நோக்கிய உள்பக்க ஓரத்தில் ஒரே புள்ளியில் வலிக்கிறதா? பெருவிரலை மேலே மடக்கிப் பிடித்துக்கொண்டு அதே புள்ளியை அழுத்தினால் வலி கூடுகிறதா? காலை முதல் அடி வலியும் சேர்ந்திருந்தால் இது நார்ப்பட்டை. அடுத்த எல்லாப் படிகளும் உங்களுக்குத்தான்.

குதிகாலின் நட்ட நடுவில் வலித்து, டைல்ஸிலும் கிரானைட்டிலும் வெறுங்காலோடு நடந்தால் கூடுகிறது, காலையைவிட மாலையில் அதிகம் என்றால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்திருக்கலாம். வயதானவர்களிடம் பார்ப்பது. இவர்களுக்கு நீட்சிப் பயிற்சியில் பெரிய பலன் இல்லை. மெத்தென்ற செருப்புதான் மருந்து.

குதிகாலின் பின்புறம், அக்கிலிஸ் நாண் எலும்பில் சேரும் இடத்தில் வலித்தால் அது நாணின் கோளாறு. இவர்கள் படி விளிம்பில் குதிகாலைக் கீழே தொங்கவிடும் நீட்சியைச் செய்யக் கூடாது. நாணை எலும்பு நசுக்கி வலி கூடும். குதிகாலின் கீழ் ஒரு சென்டிமீட்டர் திண்டு வைத்து, சமதரையில் குதிகால் உயர்த்தும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு உள்ளங்கைகளாலும் குதிகாலைப் பக்கவாட்டில் சேர்த்து அமுக்கும்போது வலி கடுமையாக இருந்தால், அதுவும் ஓட்டமோ நீண்ட நடையோ புதிதாகத் தொடங்கிய பிறகு வந்திருந்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். நார்ப்பட்டை வலி நடக்க நடக்க முதலில் குறையும்; விரிசல் வலி நடக்க நடக்க ஏறும். முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம் என்பதால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று ஓட்டத்தைத் தொடராதீர்கள்.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் இருக்கும், விளையாடுகிற பிள்ளைகளுக்குக் குதிகால் பின்புறம் வலித்தால் பெரும்பாலும் வளரும் எலும்பின் நுனியில் வரும் இழுவலி. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்து, ஷூவுக்குள் குதித்திண்டு வைத்தால் அடங்கிவிடும். பெரியவர்களுக்கான பயிற்சியை அவர்கள் மேல் சுமத்த வேண்டாம்.

4. முதல் இரண்டு வாரம் சுமையைக் குறையுங்கள், படுத்துவிடாதீர்கள்

நார்ப்பட்டை நொந்தது அதன் தாங்குதிறனைவிடச் சுமை கூடியதால். முழு ஓய்வு எடுத்தால் வலி குறையும்; கூடவே தாங்குதிறனும் குறையும், கெண்டைச் சதையும் இறுகும். மறுபடி நடக்கத் தொடங்கியதும் வலி பழைய இடத்துக்கே வந்து நிற்பது அதனால்தான்.

ஓட்டம், ஸ்கிப்பிங், குதிக்கும் விளையாட்டு ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். நடைப்பயிற்சியைப் பாதியாக்கி, காலை மாலை என்று இரண்டாகப் பிரியுங்கள். அதற்குப் பதில் சைக்கிள் ஓட்டலாம். பெடலில் நடுப்பாதம் இருக்கட்டும்.

நிற்பது நடப்பதைவிட மோசம். அசையாமல் நிற்கும்போது நார்ப்பட்டைக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. அடுப்படியில் ஒரு மணி நேர வேலை என்றால் காய் நறுக்குவதையாவது உட்கார்ந்து செய்யுங்கள். துணிக்கடை, நகைக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நாற்காலி ஓரமாகக் கிடந்தால் போதாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடமாவது அதில் உட்கார வேண்டும்.

குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் குந்தியபடி கோலம் போடுவது, செடிக்குக் களை எடுப்பது ஆகியவை நார்ப்பட்டையை முழு நீளத்துக்கு இழுக்கும். இந்த இரண்டு வாரம் முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல் அடுத்த நாள் காலையின் முதல் அடி. எண் நேற்றைப் போலவோ குறைவாகவோ இருந்தால் நேற்று செய்தது சரி. இரண்டு புள்ளி ஏறியிருந்தால் நேற்று அதிகம்.

5. செருப்பைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படி சரியில்லாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனே இல்லை. காலையும் மாலையும் பத்து நிமிடம் பயிற்சி செய்துவிட்டு, மீதி நேரமெல்லாம் தேய்ந்த ஹவாய் செருப்பில் நடந்தால் ஜெயிப்பது செருப்புதான்.

இப்போது போடும் செருப்பை மூன்று சோதனைக்கு உட்படுத்துங்கள். இரு முனைகளையும் பிடித்து மடக்குங்கள்: விரல் கணுக்கள் வரும் இடத்தில் மடங்க வேண்டும், நட்ட நடுவில் மடங்கினால் பாத வளைவுக்கு ஆதரவே இல்லை. ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள்: சுலபமாக முறுகினால் வேண்டாம். மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: குதிப் பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மேலே புதிது போல இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வாங்கும்போது குதிப் பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். குதி சற்று உயர்ந்தால் கெண்டைச் சதையின் இழுப்பு குறையும், நார்ப்பட்டைக்கும் சுமை குறையும். முற்றிலும் தட்டையான செருப்பும் வேண்டாம், ஹை ஹீல்ஸும் வேண்டாம். பின்பக்கம் வார் இருந்தால் நல்லது. வார் இல்லாத செருப்பைக் காலில் தக்கவைக்க ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. மாலையில் போய் வாங்குங்கள், பாதம் அப்போது சற்றுப் பெருத்திருக்கும்.

எம்.சி.ஆர். (நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்ல தேர்வு, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். மேலே மெத்தென்ற எம்.சி.ஆர்., அதன் கீழே கெட்டியான ரப்பர் என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் குழி உடனே மேலெழ வேண்டும். சில மாதத்தில் குதி இடத்தில் குழி நிரந்தரமாகிவிட்டால் அது வெறும் அட்டைதான்.

முள்ளு முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பு இந்த வலிக்கு எதிரி. நொந்த புள்ளியையே நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருக்கும். பரிசாக வந்திருந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்குள் செருப்பு போடும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. வெளியே போகாத தனி ஜோடி ஒன்றை வாங்கி, கழுவி, கட்டிலுக்கு அருகே வையுங்கள். கூடத்தில் வைத்தால் அதை எடுக்க வெறுங்காலோடு நடக்கிற பத்து அடிதான் அன்றைய நாளின் மிக மோசமான பத்து அடி. பூஜை அறையில் செருப்பு கூடாது என்றால் நிற்கும் இடத்தில் மடித்த ஜமுக்காளம் போட்டுக்கொள்ளலாம்.

ஷூ போடுகிறவர்கள் சிலிக்கான் குதித்திண்டு வாங்கினால் இரண்டு காலுக்கும் வையுங்கள். ஒரு காலில் மட்டும் வைத்தால் உயரம் மாறி இடுப்பு வலிக்கத் தொடங்கலாம். அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த இன்சோலுக்கு முன், வளைவுக்கு ஆதரவு தரும் ரெடிமேட் இன்சோலைப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

6. முதல் அடிக்கு முன் நார்ப்பட்டையை நீட்டுங்கள்

இரவு முழுக்க பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் நார்ப்பட்டை சுருங்கிய நிலையில் இருக்கிறது. திடீரென்று முழு உடல் எடையும் அதை இழுக்கும்போதுதான் அந்தச் சுரீர். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மெதுவாக நீட்டிவிட்டால் முதல் அடியின் அதிர்ச்சி குறையும்.

கட்டிலில் உட்கார்ந்து வலிக்கும் காலை மற்றத் தொடை மேல் போடுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் அடிப்பக்கமாகச் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கி மடக்குங்கள். மற்றக் கையின் விரலால் உள்ளங்காலை வருடிப் பாருங்கள்: வில்லின் நாண் போல ஒரு பட்டை விறைத்து நிற்பது கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் பிடி சரி. 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை. காலை, மதியம், இரவு என ஒரு நாளில் 3 தடவை. மதியச் சுற்றை நீண்ட நேரம் உட்கார்ந்து எழும் முன் செய்யுங்கள்.

எல்லோரும் செய்கிற தவறு, விரல் நுனிகளை மட்டும் பிடித்து இழுப்பது. அப்போது விரல் மூட்டுதான் மடங்கும், பட்டை விறைக்காது. பிடி விரல்கள் பாதத்தோடு சேரும் கணுவில் இருக்க வேண்டும். இரண்டாவது தவறு, எழுந்து பாத்ரூம் போய் வந்த பிறகு நினைவு வந்து செய்வது. அதற்குள் முதல் அடி முடிந்துவிட்டது.

7. கெண்டைச் சதையை இரண்டு விதமாக நீட்டுங்கள்

கெண்டைக்கால் இறுகியிருந்தால் நடக்கும்போது கணுக்கால் போதிய அளவு முன்னோக்கி மடங்காது. அந்தக் குறையைப் பாத வளைவு தாழ்ந்து ஈடுகட்டும். அதனால்தான் பாத வலிக்குக் கெண்டைக்காலைக் கவனிக்கிறோம்.

சுவரைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றுங்கள். வலிக்கும் கால் பின்னால், குதிகால் தரையில் அழுந்த, முழங்கால் நேராக. முன்காலை மடக்கிச் சாயுங்கள். 30 விநாடி, 3 முறை. பிறகு பின்காலைச் சற்று முன்னே கொண்டுவந்து முழங்காலை மடக்கியபடி அதே 30 விநாடி, 3 முறை. நேர்க்கால் நீட்சி மேல் தசைக்கு, மடக்கிய கால் நீட்சி அதன் அடியில் உள்ள தசைக்கு. ஒன்றை மட்டும் செய்தால் மற்றது இறுகியபடியே இருக்கும்.

பின்பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் நீட்சி வீண். விரல்கள் சுவரை நேராகப் பார்க்க வேண்டும். உடலை ஆட்டி ஆட்டி இழுக்கவும் வேண்டாம்.

8. ஐஸ், பிளாஸ்திரி, மாத்திரை, செங்கல்

இவை நாளை ஓட்டுவதற்கான உதவிகள்தான்.

உறைந்த பாட்டிலை மெல்லிய துணியால் சுற்றி, உட்கார்ந்தபடி உள்ளங்காலின் கீழ் 10 முதல் 15 நிமிடம் உருட்டலாம். மாலையில் செய்வது சுகம். நின்றுகொண்டு எடையைப் போட்டு உருட்ட வேண்டாம்.

கல்யாண வீடு, தேர்வு மேற்பார்வை என்று நிற்கத்தான் வேண்டும் என்ற நாட்களுக்கு நீளாத வெள்ளைப் பிளாஸ்திரி, ஒன்றரை அங்குல அகலம். பாதத்தைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். சுண்டுவிரல் கணுவுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாகக் குதிகாலைச் சுற்றி, உள் ஓரமாகப் பெருவிரல் கணு வரை ஒரு பட்டை. பிறகு குதிகாலிலிருந்து முன்னோக்கி, உள்ளங்காலின் குறுக்கே வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் மேலே இழுத்தபடி மூன்று நான்கு பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி. விரல்கள் வெளுத்தாலோ அரித்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தோலில் விட வேண்டாம்.

டைக்ளோஃபினாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரையின் மறைமுகக் கெடுதல் இன்னொன்று: வலி தெரியாததால் அன்றைக்கு அளவுக்கு மீறி நடந்துவிடுவீர்கள்.

செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை போட்டு, அதன் மேல் குதிகாலை வைப்பது ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இதமாக இருப்பது சூட்டால். அந்த இதம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியிலும் கிடைக்கும். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும் ஆபத்தும், செங்கல் சுட்டுவிடும் ஆபத்தும் அதில் இல்லை.

9. மூன்றாம் வாரத்திலிருந்து வலுவேற்றுங்கள்

வலி பாதி குறைந்ததும் பலரும் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு மாதம் கழித்து வலி திரும்பி வருவதும் இவர்களுக்குத்தான். இதுவரை செய்தது சுமையைக் குறைப்பது. இனி நார்ப்பட்டையின் தாங்குதிறனைக் கூட்ட வேண்டும்.

தேங்காய்ப்பூ துண்டை இறுக்கமாகச் சுருட்டிப் படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் சுருட்டின் மேல் மேல்நோக்கி வளைந்திருக்க, பாதத்தின் முன்பகுதி படியில், குதிகால் வெளியே. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலிக்கும் ஒற்றைக் காலில் 3 விநாடியில் உயருங்கள், மேலே 2 விநாடி நில்லுங்கள், 3 விநாடியில் இறங்குங்கள். விரல்கள் மேலே வளைந்திருப்பதால்தான் சுமை நார்ப்பட்டைக்கும் போகிறது. துண்டு இல்லாமல் செய்தால் அது வெறும் கெண்டைக்கால் பயிற்சி.

ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரண்டு வாரம் 12 முறை வீதம் 3 சுற்று. அடுத்த இரண்டு வாரம் 10 முறை வீதம் 4 சுற்று. அதன் பிறகு 8 முறை வீதம் 5 சுற்று. எண்ணிக்கை குறையும்போது எடை ஏற வேண்டும்: முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். 8 முறை முடித்ததும் ஒன்பதாவது முறை முடியாது என்ற அளவில் பை கனக்க வேண்டும். ஒற்றைக் காலில் 12 முடியாதவர்கள் இரண்டு காலால் தொடங்கலாம்.

தினமும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்க வேண்டாம். சுமை ஏற்றிய திசு தன்னைக் கட்டிக்கொள்ள இடைநாள் வேண்டும்.

செய்யும்போது பத்துக்கு நாலு வரை வலி இருக்கலாம். அடுத்த நாள் முதல் அடியின் எண் கூடினால் பையிலிருந்து புத்தகத்தை எடுங்கள். பயிற்சியை விட வேண்டாம். அவசரமாக ஏறி இறங்குவது இதில் மிகச் சாதாரணமான தவறு. ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் வேகம் தானே குறையும். பலன் தெரியப் பெரும்பாலும் மூன்று மாதம் பிடிக்கும்.

10. குறையவில்லை என்றால்

ஆறு முதல் எட்டு வாரம் கழித்தும் காலண்டர் எண்கள் அசையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ அந்தத் தாள்களோடு போங்கள். நோயே வேறாக இருக்கலாம். அல்ட்ரா சவுண்டில் நார்ப்பட்டை 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் நோய் இதுதான் என்பதற்கு வலுச் சேரும்.

எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முளையைப் பற்றி: வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது, வலி உள்ள பலருக்கு இல்லை. வலி போன பிறகும் முளை அப்படியே இருக்கும். அதைக் கரைக்கிறேன் என்று யார் சொன்னாலும் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகக் கேட்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் மெலியலாம். போட்டுக்கொண்டால் வலி இல்லாத அந்த நாட்களை நீண்ட நடைக்குச் செலவழிக்காமல் ஒன்பதாம் படிப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டப் பயன்படுத்துங்கள். எப்போது தொடங்குவது என்று ஊசி போட்டவரிடமே கேளுங்கள். நாட்பட்ட வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை உண்டு. காலை முதல் அடி மட்டும் அடங்காதவர்கள் பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்து வைக்கும் இரவு ஸ்ப்ளிண்ட்டை முயலலாம். தூக்கம் கெடுகிறது என்று பலர் கழற்றிவிடுவதும் உண்மை. அறுவை சிகிச்சை ஓராண்டு முயன்றும் முடியாதவர்களுக்கு மட்டும்.

11. பழைய நடைக்கும் கிரிவலத்துக்கும் திரும்புவது

முதல் அடியின் எண் இரண்டு வாரம் தொடர்ந்து 2க்குக் கீழே இருந்தால் நடையைக் கூட்டலாம். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஏற்றுங்கள். தூரம், வேகம், மேடு மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வலி திரும்பினால் எதனால் என்று தெரியாது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர், பலர் வெறுங்காலில் தார்ச்சாலையில் நடப்பது. செருப்போடு 10 கிலோமீட்டர் வலியில்லாமல் நடக்க முடிகிற வரை அதைத் தள்ளிப்போடுங்கள். வெறுங்கால் நடையைத் தனியாகப் பழக்க வேண்டும்: முதலில் மண் தரையில் ஐந்து நிமிடம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாக. பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சிக்கல் தூரம் மட்டும் அல்ல, அடுத்தடுத்த நாள் நடப்பதும்தான். அதனால் புறப்படும் முன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நீண்ட நடை நடந்து பாருங்கள். மூன்றாம் நாள் காலை எண் ஏறவில்லை என்றால் கிளம்பலாம். பையில் மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி இருக்கட்டும். வழியில் தங்கி எழும் ஒவ்வொரு காலையிலும், எழுந்து நிற்கும் முன், ஆறாம் படி நீட்சி.

துண்டுப் பயிற்சியை வலி போன பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் தொடருங்கள். செருப்பின் அடியை மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.